சாய்வில்லாத வாங்கு

என் அண்ணை என்னோடு கதைத்து ஒன்பது மாதமாகிறது. அவர் லண்டனில் இருக்கிறார். முப்பது வருடமாக ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தொலைபேசி எடுப்பவர். "என்ன சமையல்?" என்று தொடங்கி, ஊர்க் கோயிலில் போய் முடிப்பார். இப்போது ஞாயிறு மதியங்களில் நான் கோப்பை கழுவிக்கொண்டே மேசையில் கிடக்கும் தொலைபேசியை ஓரக்கண்ணால் பார்க்கிறேன். நாங்கள் பகைத்ததற்குக் காரணம் காணி இல்லை, கலியாணம் இல்லை. ஒரு வாங்கு. கோயிலின் கடைசி வரிசையில் கிடந்த, நாலைந்து பேர் சேர்ந்து இருக்கிற, முதுகு சாய்க்கப் பலகை இல்லாத ஒரு வெறும் மர வாங்கு.

கோயில் என்று நான் சொல்வது கிறிஸ்தவ ஆலயத்தை. எங்களுடையது அங்கிலிக்கன் சபை, பேராயரின் ஆளுகைக்குள் இருப்பது, வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. ஆனாலும் வடக்கே கடலோரத்தில் இருந்த எங்கள் பட்டினத்தில் அதைக் கோயில் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அப்பா அதற்கு வார்டன். அதாவது கோயிலின் திறப்புக்கோர்வை, சாமான்கள், காரியங்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். குருவானவர்கள் மாறிமாறி வந்தார்கள், போனார்கள். அப்பா மட்டும் இருபத்தாறு வருடம் அசையாமல் இருந்தார்.

போன வருடத் தொடக்கத்தில் ஊரிலிருந்து சபைக் காரியதரிசி அழைத்தார். ஆலயத்தின் ஆண்டு விழாவுக்கு மலர் வெளியிடுகிறார்களாம், சரித்திரம் எழுத ஆள் வேண்டுமாம். "நீங்கள்தான் எழுதவேணும் அண்ணை. வார்டன்ர மகன், உங்களுக்குத் தெரியாததோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த எனக்கு அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. "இனி இந்த வீட்டில ஒரு அலுவலும் நடக்காது," என்று மனைவி சொன்னாள். அவள் என்னை அறிந்தவள்.

எழுத உட்கார்ந்தபோது எல்லாம் தானாக வந்தது. ஒல்லாந்தர் முருகைக்கல்லால் கட்டிய சுவர். யன்னல் படியில் ஒரு பிள்ளை தாராளமாகப் படுத்து நித்திரை கொள்ளலாம், நானே கொண்டிருக்கிறேன். அதன் மேல் ஆங்கிலேயர் எழுப்பிய மணிக்கோபுரம். இங்கிலாந்திலிருந்து வைக்கோலில் பொதிந்து வந்த நிறக்கண்ணாடியில் ஒரு மேய்ப்பர், அவர் காலடியில் எங்கள் ஊர் வெயிலைக் கண்டிராத கொழுத்த ஆடுகள். பிரசங்கம் தொடங்கும்போது அந்தக் கண்ணாடியின் சிவப்பு வெளிச்சம் அம்மாவின் மடியில் விழும், முடியும்போது என் முழங்காலுக்கு வந்துவிடும். கூரையில் துரைமாருக்குக் காற்று வீசிய பங்கா தொங்கிய கொளுக்கிகள் மட்டும் மிஞ்சியிருந்தன, அவற்றில் வௌவால்கள் குடியிருந்தன. சுவர் நெடுகப் பளிங்குக் கற்கள். காய்ச்சலில் செத்த துரைமாரின் பெயர்கள், பிறந்து சில நாளில் செத்த அவர்களுடைய குழந்தைகளின் பெயர்கள். நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தக் கற்களில்தான்.

ஈரச் சுண்ணாம்பும் உருகிய மெழுகும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு மணம் இருக்கும் அந்தக் கோயிலில். நான் இப்போது இருக்கும் ஜெர்மனியின் பழைய ஆலயங்களுக்குள் நுழையும்போதெல்லாம் சுண்ணாம்பும் மெழுகும் வரும், நெஞ்சு ஒருகணம் விரியும், பிறகு ஏதோ குறைகிறதே என்று இருக்கும். வௌவால்தான் குறைகிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருடமாயிற்று.

எங்கள் வாங்கு முதலாவது. முதிரை மரம், கை வைக்கும் இடத்தில் தேய்ந்து வழுவழுவென்றிருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் அது மாவட்டத்தை நிர்வகித்த ஏசண்டுத் துரையின் வாங்கு. அது எங்களுக்கு எப்படி வந்தது என்பதுதான் எங்கள் குடும்பத்தின் பெருங்கதை. அந்த நாளில் துரைமார் ஆராதனைக்கு வரும்போது, ஞானஸ்நானம் பெற்ற தமிழர்களும் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால், வாசலோரமாகத் தரையில்தான் இருக்கவேண்டும். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த என் பூட்டன் ஒருநாள் எழும்பி வெளியே போய்விட்டார். அவருக்குப் பின்னால் மற்றத் தமிழர்களும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முற்றத்து வாகை மரத்தின் கீழ் நின்று தாங்களே ஜெபம் வாசித்து, தாங்களே பாடினார்கள். உள்ளே துரைமார் பாடுவதை விட வெளியே சத்தம் கூட. கடைசியில் பேராயரே கொழும்பிலிருந்து வந்து, தேவனுடைய வீட்டில் முன் பின் இல்லை என்று சொல்லி அவர்களை உள்ளே அழைத்துப்போய் வாங்குகளில் இருத்தினாராம். துரைமார் கப்பலேறிப் போனபோது முதல் வாங்கு பூட்டனின் பிள்ளைகளுக்கு வந்தது.

அந்தப் பக்கத்தை எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாயிருக்கு," என்றாள். அதற்குள் அடுப்பில் கறி அடிப்பிடித்துவிட்டது.

சரித்திரத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் தொழில் விடவில்லை. நான் இங்கே வரைபடம் கீறுபவனாக அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, முப்பது வருடம் தொழிற்சாலைக் குழாய்களுக்குப் படம் கீறியவன். கணினி வந்த பிறகும் என் பழைய பலகையையும் மைப் பேனைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். கோணல் கோடு கண்டால் எனக்குக் கோபம் வரும், அடுத்தவன் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் எழும்பிப்போய் நிமிர்த்துவேன். ஆகவே கோயிலின் தரைப்படத்தையும் மலருக்குக் கீறிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. சின்ன வயதில் காலடி வைத்து எண்ணிய கணக்கெல்லாம் மனதில் இருந்தது. பீடம், பிரசங்க மேடை, ஆர்மோனியம், ஞானஸ்நானத் தொட்டி, தூண்கள், இரண்டு பக்கமும் பதினொரு பதினொரு வாங்குகள். தரைப்படத்தில் வாங்கு ஒரு நீளப் பெட்டி, சாய்வுப் பலகையைக் காட்டப் பின்பக்கம் கூடுதலாக ஒரு கோடு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்த வாங்கில் இருந்த குடும்பத்தின் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதினேன். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எடுத்தது. சந்தோசமான ஆறு கிழமைகள் அவை.

நாங்கள் இருக்கும் பான் நகரில் எங்களுக்கென்று ஒரு சின்னத் தமிழ்ச் சபை உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகலில் ஜெர்மன் சபையொன்று தன் மண்டபத்தைத் தரும். அடுக்கி வைக்கும் கதிரைகள், அவற்றுக்கு முன் வாங்கு பின் வாங்கு கிடையாது. ஆனாலும் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை நிலைத்துவிட்டது. நான் எங்கே இருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. "ஊரிலயும் முன்வாங்கு, இஞ்சயும் முன்வாங்கு," என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

படத்தை அந்த மண்டபத்தின் அறிவித்தல் பலகையில் குத்திவைத்தேன். ஆராதனை முடிந்ததும் தேநீரை விட்டுவிட்டுச் சனம் அதைச் சுற்றிக்கொண்டது. எங்கள் ஊர்க்காரர் அங்கே ஏழெட்டுக் குடும்பம். "எங்கட வாங்கு நாலாவதெல்லோ, ஏன் அஞ்சாவதாப் போட்டிருக்கிறியள்?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "தூணுக்குப் பக்கத்து வாங்கில இருந்து நான் ஒரு பிரசங்கமும் கேக்கேல்லை, நல்ல நித்திரை," என்று இன்னொருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம். சிலர் தங்கள் தாய் தகப்பனின் பெட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் பாதிப்பேர் இப்போது இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

தேநீர் வார்க்கும் பெண்ணும் வந்து பார்த்தாள். அவளும் எங்கள் ஊர்தான், என்னைவிட மூன்று வயது இளையவள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்து இப்போதுதான் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்பதுகளில் கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, எல்லை கடந்து மேற்குப் பக்கம் வந்த என்னை அகதிகள் விடுதியில் போட்டபோது அவளும் கணவனும் அதே மாடியில் இருந்தார்கள். ஒரு குசினி, ஒரு அடுப்பு. முதல் நாளே அவள் என்னைப் பார்த்து, "நீங்கள் வார்டன்ர மகனெல்லோ?" என்று கேட்டாள். அவள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஒரே கோயிலில் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஒன்றாக இருந்திருக்கிறோம், அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது, எனக்கு அவளைத் தெரியவில்லை. அதை அப்போது நான் ஒரு விசயமாகவே எடுக்கவில்லை. அந்தக் குசினியில் எங்களிடம் இரண்டே இரண்டு கோப்பைகள் இருந்தன, மூன்று பேரும் மாற்றி மாற்றித் தேநீர் குடித்தோம். ஊரில் இருந்த வித்தியாசம் எல்லாம் விமானத்தோடு போய்விட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகும் பல மேடைகளில் அந்தக் கோப்பைக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

அவள் படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால என்ன இருந்தது அண்ணை?"

"ஒண்டுமில்லை. வெறும் நிலம்," என்றேன்.

"ஓம்," என்று சொல்லிவிட்டுத் தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அந்த "ஓம்" எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னால் போனேன். கொரோனாவுக்குப் பிறகு நற்கருணைத் திராட்சை இரசத்துக்கு நாங்கள் ஒரே கிண்ணம் பாவிப்பதில்லை, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கோப்பை. அவற்றைத்தான் கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி, படத்தில ஏதும் பிழையோ?"

அவள் திரும்பவில்லை. "உங்கட அப்பா இருந்திருந்தால் இந்தக் குட்டிக் கோப்பையள் அவருக்கு நல்லாப் பிடிச்சிருக்கும்," என்றாள்.

அவள் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தத் தொட்டிக்குப் பின்னால ஒரு வாங்கு இருந்தது. சாய்வில்லாத வாங்கு. என்ர அம்மா முப்பது வருஷம் அதிலதான் இருந்தவ. நானும் அதிலதான் இருந்தனான். அம்மா இப்ப இஞ்ச என்னோடதான், வயசு எண்பத்தெட்டு. கண் மங்கிக்கொண்டு போகுது, வருஷக் கடைசிக்குப் பிறகு ஒண்டும் தெரியாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவ பாக்கப்போற கடைசிப் புத்தகம் உங்கட மலர்தான். அதில அவ இருந்த இடம் வெறும் நிலமாக் கிடந்தால் நான் அவவுக்குக் காட்டமாட்டன். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு மனைவியோடு வீட்டுக்கு ரயிலேறினேன். முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆறு கிழமை கீறியவனுக்கு ஒரு வார்த்தை பாராட்டு இல்லை, அப்பாவை வேறு இழுக்கிறாள் என்று. பிறகு படத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்னால், படக் கணக்கில் ஐந்தடிக்கு, வெறும் தாள். அந்த வாங்கு இருந்தது. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வாங்கும் நிறைந்து ஆட்கள் பின்னால் நின்ற டிசம்பர் நத்தார் ஆராதனைகளிலும் அதில் போய் எங்கள் ஆட்கள் யாரும் இருந்ததில்லை. ஆறு கிழமையில் ஒருநாள்கூட என் கைக்கு அது ஞாபகம் வரவில்லை.

சாதிதான். சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? என் பூட்டன் எந்தத் தரையிலிருந்து ரோசத்தோடு எழும்பிப் போனாரோ, அதே தரையில் நாங்கள் அவர்களுக்கு ஒரு வாங்கைப் போட்டுக் கொடுத்து, அதற்குச் சாய்வும் வைக்காமல் விட்டோம். பூட்டனுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அவர்களுக்கு ஒரு கோடு இல்லை.

அவளுடைய தாயை எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. கணவர் கோயில் மணி அடிப்பவர், தாய் கோயில் கூட்டுபவர். சனிக்கிழமை பின்னேரங்களில் அப்பா திறப்பை என்னிடம் தந்து அனுப்புவார். நான் போய் அலுமாரியைத் திறந்து விடுவேன். அந்தத் தாய் வெளிப்படியில் குந்தியிருந்து, இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளிக் கிண்ணத்தைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்து மினுக்குவார். மெழுகுதிரித் தண்டுகளுக்குப் பழப்புளி. முகம் தெரிகிறதா என்று கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டுத்தான் துணியால் மூடித் தருவார். அவர் என்னை "நீங்கள்" என்றார். நான் அவரை "நீ" என்றேன். எனக்குப் பதின்மூன்று வயது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிண்ணம் முதலில் எங்களிடம் வரும். வாங்கு வாங்காகப் பீடத்துக்குப் போய் முழங்காலில் நின்று எல்லோரும் அதே ஒரு கிண்ணத்தில் குடிப்போம். அதுதான் எங்கள் சபை முறை. கடைசியில், எல்லோரும் திரும்பிவந்து இருந்த பிறகு, அந்த வாங்கில் இருப்பவர்கள் போவார்கள். மினுக்கியவர் கடைசியாகக் குடிப்பார். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி இருக்கவில்லை. எழுதாததால்தான் யாரும் அதை அழிக்கவும் முடியவில்லை.

ஒருவர் முயன்றார். வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் குருவானவர். பேராயர் என் தலையில் கைவைத்துத் திடப்படுத்தி, நான் நற்கருணை எடுக்கத் தொடங்கி மூன்றாவது ஞாயிறு. அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்றைக்குக் கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் முதலில் வரட்டும்," என்றார். ஒருவரும் அசையவில்லை. ஆர்மோனியம் நின்றது. பிறகு பின்னால் ஒரு சேலை சரசரத்தது. கிண்ணம் மினுக்குகிற அவர் நடுப்பாதையால் வெறுங்காலோடு நடந்து எங்களைத் தாண்டிப் போய் முழங்காலில் நின்றார். குடித்தார். அப்பா தன் ஜெபப்புத்தகத்தை மூடினார். எழும்பினார். அம்மாவைப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் அதே நடுப்பாதையால் வெளியே வந்தோம். எங்களுக்குப் பின்னால் இரண்டாம் வாங்கும் மூன்றாம் வாங்கும் எழும்பும் சத்தம் கேட்டது.

வீட்டில் அன்றைக்கு இடியப்பமும் சொதியும். வழமையை விட ஒரு மணித்தியாலம் முந்திச் சாப்பிட்டோம், எனக்குச் சந்தோசம். இத்தனை வயதுக்குப் பிறகு என்னை வெட்கப்படுத்துவது அப்பா எழும்பியதைவிட, அந்த இடியப்பம் எனக்கு இனித்ததுதான். அந்தக் கிழமை அப்பா பேராயருக்குக் கடிதம் எழுதினார். குருவானவர் இரண்டு மாதத்துக்குள் மாற்றப்பட்டார். என் சரித்திரத்தில் அவருக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன்: "சிறிது காலம் எம்மோடு பணியாற்றினார்."

பானில் படம் வைத்ததற்கு அடுத்த ஞாயிறு, லண்டனிலிருந்து அண்ணை அழைத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், மலரில் எழுதப்போகிறேன் என்பதையும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வாங்கைப் போடு, அது நியாயம்," என்றார். "அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதாதை. அப்பா அந்தக் கோயிலுக்காக எவ்வளவு உழைச்சவர். செத்த மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்து சந்தியில நிப்பாட்டப்போறியோ?"

"பூட்டன் எழும்பிப் போனதை எழுதலாம். அப்பா எழும்பிப் போனதை எழுதக்கூடாதோ?"

"நீ எழுதினால் எனக்கு இனி உன்னோட கதை இல்லை."

அண்ணையின் பேச்சிலும் பிழை சொல்ல முடியவில்லை. அப்பா கெட்ட மனுசர் இல்லை. வெள்ளத்தில் கோயில் கூரை ஒழுகியபோது தன் கையால் ஓடு மாற்றியவர். எனக்கு முதல் கோட்டை அடிமட்டம் வைத்துக் கீறப் பழக்கியவர். இரண்டு கிழமை அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பந்தியை எழுதுவேன், வெட்டுவேன், திரும்ப எழுதுவேன். மலருக்கு அனுப்பவேண்டிய நாள் நெருங்கியது. வாங்கை மட்டும் படத்தில் போட்டேன். தாளில் மூன்று பக்கமும் அளந்து, தொட்டிக்குப் பின்னால் அழகாக, மற்ற வாங்குகளைப் போலவே கீறினேன். பெட்டிக்குள் அவர்களுடைய குடும்பப் பெயரை எழுதினேன். எழுதிய பந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேநீர் வார்ப்பவளுக்குச் சொல்லிவிட்டு ஒரு வியாழன் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசித்துக் காட்டுவதா இல்லையா என்று ரயில் இறங்கும்வரை முடிவெடுக்கவில்லை.

தாய் யன்னலோரம் வெளிச்சத்தில் கதிரை போட்டு இருந்தார். உருவம் சிறுத்துவிட்டது. கைகள் மட்டும் அதே கைகள். "வாங்கோ தம்பி," என்றார்.

"எப்பிடி இருக்கிறியள் அம்மா?" என்றேன். ஐம்பது வருடத்துக்கு முன் "நீ" என்று கூப்பிட்ட அதே வாயால்.

படத்தை அவர் மடியில் விரித்தேன். மகள் ஒரு பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தாய் அதைத் தாளோடு தாளாக வைத்து, பீடத்திலிருந்து தொடங்கி மெதுவாகப் பின்னால் வந்தார். அலுமாரி, தூண், ஆர்மோனியம், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தொட்டியைத் தாண்டியதும் கண்ணாடி நின்றது. பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது பிழை தம்பி," என்றார் தாய்.

"என்ன பிழை அம்மா?"

"இதுக்குச் சாய்வு போட்டிருக்கிறியள். இதுக்குச் சாய்வு இருக்கேல்லை."

பார்த்தேன். பெட்டியின் பின்பக்கம் அந்தக் கூடுதல் கோடு. மற்ற இருபத்திரண்டு வாங்குக்கும் போட்ட கை, பழக்கத்தில் இதற்கும் போட்டிருக்கிறது. பழக்கம் என்றுதான் சொல்லப்போனேன், ஆனால் அது மட்டும் இல்லை. அந்த வாங்குக்கு ஒரு சாய்வு இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆசை. முப்பது வருடம் ஒரு கோடுகூடப் பிழைக்கவிடாதவன், இந்த ஒன்றில் பொய் கீறியிருக்கிறேன். மை காய்ந்த கோட்டை ரப்பரால் அழிக்க ஏலாது. பிளேட்டால் மெல்லச் சுரண்டவேண்டும். ஒரு பிளேட் கேட்டு வாங்கி, அங்கேயே அவர் மடியிலிருந்த தாளை மேசைக்கு மாற்றிச் சுரண்டி எடுத்தேன். தாய் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி," என்றார்.

அதற்குப் பிறகு பந்தியைப் பைக்குள் வைத்திருக்க என்னால் முடியவில்லை. எடுத்து வாசித்தேன். கிண்ணத்தை மினுக்கியதை வாசித்தேன். குருவானவர் பின்வாங்கை முன்னுக்கு அழைத்ததை வாசித்தேன். அவர் எழும்பி வந்து முதலாவதாகக் குடித்ததை வாசித்தபோது தாய் தலையாட்டினார். "அப்போது வார்டன் தன் குடும்பத்தோடு எழுந்து வெளியேறினார்" என்ற வரிக்கு வந்தேன்.

தாய் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஓம், ஓம். ஞாபகம் இருக்கு. நான் திரும்பி வரேக்குள்ள உங்கட வாங்கு வெறுமையாக் கிடந்தது. உங்கட வீட்டில ஆருக்கோ வருத்தம், காய்ச்சலோ என்னவோ, அதுதான் எழும்பிப் போயிட்டினம் எண்டு நினைச்சன். இருந்தபடியே உங்களுக்காக ஜெபிச்சனான்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். "ஓம் அம்மா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்பா காப்பாற்றப்படுவார், அண்ணை ஞாயிறுதோறும் அழைப்பார், நானும் நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போகலாம்.

"இல்லையம்மா," என்றேன். "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் வருத்தமில்லை. எல்லாரும் நல்ல சுகமாத்தான் இருந்தனாங்கள்."

தாய் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கீழே வைத்தார். மங்கிய கண்களால் என் பக்கம் பார்த்தார்.

"தெரியும் தம்பி," என்றார். "நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாத்தனான். மிச்சத்தையும் வாசியுங்கோ."